தொண்டிக்குக் காயில் மாற்றியவன்

முழங்காலில் இடிக்கிறதா? கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். மேலே வைக்கச் சொல்கிறார் கண்டக்டர். மேலே வைத்தால் ஒரு பிரேக்கில் கீழே வரும். கீழே விழுந்தால் வாய் நெளியும். நெளிந்தால் உருமாற்றம் செய்ததாகிவிடும். உருவம் மாறாமல் வைத்திருப்பேன் என்று கோர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இது என் மடியில்தான் வரும். உங்கள் மடியிலும் கொஞ்சம் வரும். மன்னிக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் மரத்து உச்சியில் கட்டிப் பாட்டுப் போடுவார்களே, அந்தக் குழாய்தான் இது. காகிதத்தில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்று எழுதுவார்கள். வெயிலுகந்தாள் சவுண்ட் சர்வீஸ் என்று விளிம்பில் எழுதியிருக்கிறது பாருங்கள். நான்தான் எழுதினேன். என் பெயர் வெயிலுமுத்து. இதேபோல் இன்னொன்று வீட்டில் இருக்கிறது. அது பேசும். இது பேசாது. குழாய்க்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற பெட்டி, ஆம்பிளி, அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் காலடியில் இருக்கிறது. அவள் சீனியம்மாள், என் சம்சாரம். நான் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். இதே கதை அவளிடமும் ஒன்று இருக்கிறது. அதில் நான் இவ்வளவு நன்றாக இருக்க மாட்டேன்.

போலீஸோடு வழக்கு நடத்தி இந்தச் செட்டை மீட்டேன். நான் என்றால் நாங்கள். சரி, அவள். ஆனால் சாட்சி நான்தான். சாட்சி இல்லாமல் வழக்கு ஏது?

ஆவணியில் ஒரு காதுகுத்து. புளியமரத்தில் இரண்டு குழாயும் கட்டியிருந்தேன். ஜீப்பில் எஸ்.ஐ. ரகுபதி வந்து இறங்கினார். புதிதாக வந்தவர். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. மேலே பார்த்தார். "இதை யாருய்யா கட்டினது?" என்றார். கட்டியிருக்கிற அழகைப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நான்தான் சார்" என்று முன்னால் போய் நின்றேன்.

"கூம்பு கட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார். இது சின்னக் கூம்பு சார்."

இப்படி ஒரு பதிலை எந்த மடையன் சொல்வான் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வேறு யாரும் அகப்படவில்லை.

இறக்கச் சொல்லிவிட்டார். ஒரு கான்ஸ்டபிள் மரத்தில் ஏறி வயரைப் பிடித்து இழுத்தான். வயரைப் பிடித்தா இழுப்பது? "தம்பி, நீ இறங்கு" என்று சொல்லிவிட்டு நானே ஏறி, கயிற்றில் கட்டி, வாய் மேலே பார்க்க இறக்கினேன். ஜீப்பில் இடம் இல்லை. ஆம்பிளியையும் சேர்த்து என் லோடு ஆட்டோவிலேயே ஏற்றினேன். தன் பொருளைத் தானே வண்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் பறிகொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஸ்டேஷனில் ஏட்டு லூர்துசாமி வாசலுக்கே வந்துவிட்டார். "நீங்களே வந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி. எங்களுக்கு இதத் தூக்கத் தெரியாது" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஸ்டேஷனுக்குள் போய்ச் சேர்ந்த பொருளுக்குத் தொண்டி என்று பெயர். வழக்கு முடிகிறவரை அது தொண்டி. அந்த முற்றத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை மோட்டார் சைக்கிள். சீட்டுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஒரு மாட்டுவண்டி நிற்கிறது, சக்கரத்தைக் கறையான் தின்கிறது. அதற்கு நடுவில் என் குழாய் இரண்டும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மழை பெய்தால் குளம்தான். மறுநாள் தார்ப்பாய் கொண்டுபோய் மூடினேன். அதற்கடுத்த நாள் தார்ப்பாய் காற்றில் பறந்திருக்குமோ என்று போய்ப் பார்த்தேன். அப்படியே பழகிவிட்டது. டீ கொடுத்தார்கள். ரைட்டர் தலைக்கு மேல் ஃபேன் கரகரவென்று சுற்றியது. என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரிசெய்து கொடுத்தேன்.

சீனியம்மாள் ஒருநாள் கேட்டாள். "செட்டு வாங்கப் போறீகளா, ஃபேனுக்கு எண்ணெய் போடப் போறீகளா?"

"பழக்கவழக்கம் வேணும்டி. எஸ்.ஐ. மனசு வைக்கணும்."

"அவரு மனசு வெக்கிறதுக்கு அது அவரு பொருளா?"

பெண்களுக்கு நிர்வாகம் புரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பாட்டு கேட்டது. நாலைந்து தெரு தள்ளி. கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்துவிட்டேன். தன் பிள்ளை அழுதால் தெரியாதா? சீனியம்மாளும் ரசத்தை ஊற்றாமல் நின்றாள்.

"நம்ம செட்டு" என்றாள். "என்ன இப்படிக் கத்துது? காதுல ஆணி எறக்குற மாதிரி."

"ட்ரெபிளை முழுசாத் திருப்பி வச்சிருக்கான்."

"கேசுல புடிச்ச பொருளை எடுத்துப் பாட்டுப் போடுறாகளா? எந்திரிங்க. போய்க் கேளுங்க, யாரைக் கேட்டு எடுத்தீகன்னு."

எழுந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. அவ்வளவு கோபம். சைக்கிளை மிதித்த வேகத்தைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஸ்டேஷன் வாசலில் வாழை மரம். ஜீப்புக்கு மாலை. துப்பாக்கிக்கெல்லாம் சந்தனம், குங்குமம். படி ஏறினேன், உள்ளே போனேன். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. நேராக ஆம்பிளியிடம் போய் ட்ரெபிளைக் குறைத்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அப்போது ஸ்டேஷனே காதிலிருந்து கையை எடுத்தது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்து, "இப்பத்தான்யா பாட்டு மாதிரி இருக்கு" என்றார்.

அதற்குள் ஒரு குழாயின் சத்தம் நின்றுவிட்டது. காயில் போய்விட்டது. குழாய்க்குப் பின்னால் குடம் மாதிரி இருக்கிறதே, இதற்குள் இருக்கும். இதற்கு உயிரே அதுதான். அந்த மாதிரி அலற விட்டால் எந்தக் காயில் தாங்கும்? ஏட்டு கையைப் பிசைந்தார். "ஐயா இன்னும் பூசைக்கே உக்காரல அண்ணாச்சி" என்றார். நான் திரும்ப வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். பெட்டியிலிருந்து புதுக் காயிலையும் திருப்புளியையும் எடுத்தேன். சீனியம்மாள் அடுப்படியிலிருந்து, "என்ன, ஆயுதம் எடுத்துட்டுப் போறீகளா?" என்றாள். நல்ல பூஜைநாள் பார்த்துக் கேட்டாள்.

ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்து குழாயைக் கழற்றிக் காயில் மாற்றினேன். சாயங்காலம் வரை ஆபரேட்டர் நான்தான். இன்ஸ்பெக்டர் துண்டு போர்த்தினார். பொரிகடலை, ஆப்பிள் ஒன்று. முடிந்ததும் செட்டை நானே துடைத்து, நானே தூக்கி, பழையபடி முற்றத்தில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னாக?" என்றாள்.

"சத்தம் நல்லா இருக்குன்னாங்க."

அவள் துண்டைப் பார்த்தாள். பொரியைப் பார்த்தாள். உள்ளே போனாள். மறுநாள் காலையில் அவளுடைய சித்தி மகளுக்குத் தெரிந்த வக்கீல் பொற்கொடி வீட்டு வாசலில் நிற்கிறோம். நான் வக்கீலிடம் எல்லா விவரமும் எடுத்துச் சொன்னேன். அதாவது, சீனியம்மாள் சொன்னாள். நான் வெளியே ஆட்டோவில் இருந்தேன். சாட்சி என்று தெரிந்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்தம்மா பொறுமையாகத்தான் சொன்னார். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். வழக்கு முடிகிறவரை அது யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்வது மாஜிஸ்திரேட்தானாம். ஸ்டேஷன் வெறுமனே வைத்திருக்கிற இடம். எடுத்துப் பயன்படுத்தக் கூடாது, விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. "உங்க குழாய் ஸ்டேஷன்ல இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் கோர்ட்டுக்கே தெரியாதுங்க" என்றார்.

"ஊருக்கே தெரியும் மேடம். நேத்து அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு" என்றேன்.

வக்கீல் சீனியம்மாளைப் பார்த்தார். சீனியம்மாள் தரையைப் பார்த்தாள்.

எங்களுக்கு முக்கியம் பங்குனிப் பொங்கல். அதை நான் சொல்லவில்லையே. எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு என் அப்பா காலத்திலிருந்து எங்கள் செட்டுதான். வருஷத்தில் மற்ற நாள் எல்லாம் சில்லறை. அந்த ஒரு வாரத்தில்தான் இந்தத் தொழிலில் நான் இருக்கிறேன் என்பது நாலு பேருக்குத் தெரியும். அதில் ஒரு வருஷம் விட்டால் பெரிய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்திருக்கிற பையன்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பிறகு நான் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான். அதனால் பங்குனிக்கு முன்னால் செட்டு வீட்டுக்கு வந்தாக வேண்டும். வக்கீல் மனுப் போட்டார். தை மாதம் விசாரணைக்கு வந்தது.

முந்தின நாள் ஏட்டு லூர்துசாமி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஆயுத பூஜை சமாச்சாரம் மட்டும் வேண்டாம். எடுத்து மாட்டுனது நான்தான்னு எம்மேல வரும். ரிட்டயர்டாக இன்னும் கொஞ்ச காலந்தான் இருக்கு."

"நான் ஏன் சொல்லப்போறேன் ஏட்டையா" என்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஏட்டு கிளம்பிவிட்டார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் சின்ன வயது அம்மா. எஸ்.ஐ. ரகுபதி விறைப்பாக நின்று, செட்டை யாரும் தொடவில்லை, பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா. அப்போது அரசு வக்கீல் எழுந்தார். இது அனுமதி இல்லாத கூம்பு, அரசுடைமையாக்க வேண்டிய பொருள், திருப்பித் தரக் கூடாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். "தவிர, இது ஓடாத பழைய தகரம்மா. மனுதாரருக்கு இதுல நஷ்டம்னு எதுவும் இல்ல" என்றார்.

ஓடாத தகரம்.

"யாரு சொன்னா ஓடாதுன்னு?" என்றேன். நான் எழுந்து நிற்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"செட்டுக்காரன் அம்மா. அது நல்லா ஓடும். புதுக் காயிலு."

"ஸ்டேஷன்ல இருக்கிற பொருள் ஓடுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காயில் மாத்தினதே நான்தானம்மா."

"எங்கே வச்சு மாத்தினீங்க?"

"ஸ்டேஷன்ல."

"எப்போ?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஆயுத பூஜைக்கு. பாதிப் பாட்டுல போயிருச்சும்மா. ட்ரெபிளை அந்த மாதிரி வச்சா எப்படித் தாங்கும்?"

எஸ்.ஐ. கழுத்தில் வேர்வை இறங்கியது. எங்கள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்குப் பேச ஒன்றும் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் பேசிவிட்டேனே.

மாஜிஸ்திரேட் எஸ்.ஐ.யைக் கேட்டார். "இந்தப் பொருளைக் கைப்பற்றினதைக் கோர்ட்டுக்கு ஏன் தெரிவிக்கல? யார் உத்தரவுல பயன்படுத்தினீங்க?" அவர் என்னவோ முனகினார். "அரசுடைமை ஆக்கறதா வேண்டாமாங்கிறது வழக்கு முடிஞ்சப்புறம் பாக்க வேண்டியது. அதுவரைக்கும் மழையில போட்டு வைக்கணும்னோ, விசேஷத்துக்கு எடுத்துக் கட்டணும்னோ எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்து என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். அது உங்க பொருளா இருக்கலாம். அப்ப அது வழக்குல இருக்கிற பொருள். அவங்க தொட்டது தப்பு. நீங்க திறந்ததும் தப்பு."

உத்தரவு எங்கள் பக்கம்தான். போட்டோ எடுத்துவிட்டு, என்னிடம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, செட்டைக் கொடுத்துவிட வேண்டும். நான் விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் கட்டக் கூடாது. ஜெயித்துவிட்டோம். வெளியே வந்ததும் ஏட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அவருக்கு மெமோ வந்ததாகச் சொன்னார்கள்.

செட்டு வீட்டுக்கு வந்தது. வந்த மறுவாரமே இந்தக் குழாயில் காயில் போய்விட்டது. நான் மாற்றின குழாய் இல்லை, மற்றது. சீனியம்மாள் திருப்புளியை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"உருமாத்தக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிருக்காக."

"காயிலு உள்ளதானே இருக்கு. வெளிய என்ன உரு மாறுது?"

"போட்டோ எடுத்திருக்காங்கடி."

"போட்டோவுல காயிலு தெரியுதா?"

"நீங்க திறந்ததும் தப்புன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க. இன்னொரு தடவ வாங்கிக் கட்டிக்கச் சொல்றியா?"

"ஸ்டேஷன்ல கெடக்கையில யாரையும் கேக்காமத் தொறந்தீக. நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் தொட மாட்டேங்கிறீக" என்றாள். வக்கீலுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். பழுது பார்க்கலாம் என்றுதான் வக்கீலும் சொன்னார். வக்கீல் சொன்னால் ஆயிற்றா? மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டாமா? சட்டம் என்றால் எனக்கு இப்போது ஓரளவு தெரியும். மனுப் போட்டே ஆக வேண்டும் என்று நின்றேன்.

மனு இழுத்தது. இதற்கிடையில் கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். அவருக்கு முன்னால் செட்டைப் போட்டுக் காட்டினேன். "ஒண்ணுதான் பேசுது?" என்றார். "இன்னொண்ணு கோர்ட் உத்தரவுக்குக் காத்திருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பங்குனிப் பொங்கலுக்கு பாக்ஸ் செட் பையனைச் சொல்லிவிட்டார்கள். எதற்காகப் போலீஸோடு மல்லுக்கு நின்று செட்டை மீட்டோமோ, அது போய்விட்டது. போலீஸ் கெடுக்கவில்லை. பாவம், அவர்கள் அந்தச் சமயத்தில் என் பக்கமே வரவில்லை.

இன்றைக்குத்தான் மனு வந்தது. கொண்டுவரத் தேவையில்லை என்று வக்கீல் சொல்லியும் குழாயையும் ஆம்பிளியையும் பஸ்ஸிலேயே தூக்கிக்கொண்டு வந்தேன், லோடு ஆட்டோ ஒர்க்ஷாப்பில் கிடக்கிறது. அந்தம்மா ஒருவேளை போட்டுக் காட்டச் சொன்னால்? மாஜிஸ்திரேட் மனுவைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "ரிப்பேர் பாக்கிறதுக்கு யாராவது மனுப் போடுவாங்களா? மாத்திக்கங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கோர்ட்டே சிரித்தது. எஸ்.ஐ. ரகுபதி வேறு ஏதோ வழக்குக்காக வந்து நின்றார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தனியாக நின்று சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

இனிமேல்தான் விஷயம். வராந்தாவில் ஏட்டு லூர்துசாமி. அந்த மெமோவுக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசினார்.

"அண்ணாச்சி, பொங்கலுக்குக் கோயில் பக்கத்துல போலீஸ் பூத்து போடுறோம். அறிவிப்புக்குக் குழாய் வேணும். இந்தத் தடவ முறையா அனுமதி வாங்கியாச்சு."

நான் சரி என்றேன். எந்த நாள், எத்தனை மணி என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? அதோடு, பொங்கலுக்கு நம் செட்டு ஊரில் கேட்கும். பாட்டு இல்லாவிட்டால் என்ன, செயினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்தானே.

திரும்பிப் பார்த்தால் சீனியம்மாள் பின்னால் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னை விட்டுவிட்டு ஏட்டிடம் பேசினாள்.

"தாராளமாக் கட்டிக்கோங்க அண்ணே. மத்தவுககிட்ட என்ன வாடகை வாங்குறோமோ, அதைக் குடுத்துருங்க. செட்டு வரும், ஆம்பிளி வரும், நான் வந்து ஒக்காந்து போடுவேன். இவுக வர மாட்டாக."

"அண்ணாச்சி இல்லாமயா?" என்றார் ஏட்டு.

"இவுக வந்தா ஒங்க ஃபேனையும் ரிப்பேர் பாத்துக் குடுத்துட்டு, துண்டு வாங்கிட்டு வருவாக. வீட்டுலயே இருக்கட்டும்."

ஏட்டு என்னைப் பார்த்தார். உத்தரவு போட்டாயிற்று. இதற்கு மேல்கோர்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீலைக் கேட்கலாம் என்றால் அவரும் அவள் வக்கீல்.

அவளுக்கு ஆம்பிளி போடத் தெரியும். அதில் ஒன்றும் குறை இல்லை. அன்றைக்குச் சோற்றில் கை வைத்திருந்தபோது, செட்டு கத்துகிறது என்று முதலில் சொன்னது அவள்தான். இத்தனை வருஷம் நான் கவனிக்கவில்லை. காயில் மாற்றுவதும் அவளுக்குத் தெரியுமோ என்னவோ. கேட்டால் சொல்லிவிடுவாள். அதனால் கேட்கவில்லை. இறங்கியதும் முதல் வேலையாக நானே மாற்றிவிடுவேன். அதற்கு மட்டுமாவது உத்தரவு இருக்கிறது.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? அடுத்த ஸ்டாப்பா? சரி, காலை எடுத்துக்கொள்ளுங்கள், நான் குழாயைத் தூக்கிக்கொள்கிறேன். பொங்கலுக்குச் செட்டுச் சத்தம் வீட்டு வாசல் வரை வர வேண்டும், கோயில் எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. பங்குனி மாதம் சாயங்காலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? உங்களுக்குத் தெரியுமா?